பார்டர் சுகர்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. விருத்தாசலத்துல ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில கணக்கு எழுதறவன். பட்டதையும் அதுக்கப்புறம் தேடித்தேடி படிச்சதையும் எழுதறேன். மாத்திரை, மருந்து சமாச்சாரமெல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

"சுகர் பார்டர்ல இருக்கு"ன்னு சொன்னா அதை ரெண்டு விதமா எடுத்துக்கலாம்னு எனக்குப் போன வருஷம்தான் தெரிஞ்சுது. கம்பெனியில சூளை பார்க்கிற மேஸ்திரி அண்ணன்கிட்ட சொன்னேன். "பார்டர்தானே தம்பி? அப்ப இன்னும் வரலைன்னு அர்த்தம். டீ சொல்லவா, சக்கரை தூக்கலா?"ன்னார். வீட்ல அம்மாகிட்ட சொன்னேன். அம்மா எழுந்து போய் சாமி மாடத்துகிட்ட நின்னுட்டு, "உனக்குமாய்யா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

வந்துடுச்சா, வரலையா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி ஆறு மாசம் ஓடிடுச்சு. நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியாச்சு, எல்லாரும் நாள் பூரா உட்கார்ந்தே வேலை பார்க்கிற கோஷ்டி. யாருக்காவது உதவும்னு எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல என் நம்பர். இன்சூரன்ஸ் பாலிசி ஒண்ணு எடுக்கலாம்னு ரத்தம் குடுத்தேன். வெறும் வயித்துல 108. ரிப்போர்ட்ல பக்கத்துலயே ஒரு மேல்நோக்கி அம்புக்குறி. நார்மல்னா 100க்குக் கீழன்னு போட்டிருந்தான்.

இந்த 100 எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடினா பெரிய கதையே இருக்கு. அமெரிக்க நீரிழிவு சங்கம் 2003 வரைக்கும் 110ல தான் கோடு போட்டிருந்தது. அந்த வருஷம் அதை 100க்கு இறக்கினாங்க. ராத்திரி 108ஓட நார்மலா தூங்கப் போனவங்க எல்லாம் காலையில பார்டர்ல எழுந்தாங்க. உலக சுகாதார நிறுவனம் இந்தப் பக்கம் இன்னும் அந்த 110லயே நிக்குது. அப்ப என் 108, அமெரிக்கா சொல்றபடி பார்டர், ஜெனிவா சொல்றபடி நார்மல்! மேஸ்திரி அண்ணன் இது தெரியாமலே ஜெனிவா கட்சி.

சுகர்னு முத்திரை குத்தற கோடும் நகர்ந்ததுதான். 1997 வரைக்கும் வெறும் வயித்துல 140 தாண்டினாத்தான் சுகர். அந்த வருஷம் 126 ஆக்கினாங்க. இது யாரோ மேஜையில உட்கார்ந்து போட்ட கணக்கு இல்லை. எந்த அளவுக்கு மேல போனா கண்ணோட விழித்திரையில ரத்தக்குழாய் கெட ஆரம்பிக்குதுன்னு பார்த்து வச்சது. பார்டருக்கு அந்த மாதிரி ஒரு கெட்டியான படிக்கட்டு கிடையாது. சரிவான பாதை. அதுல எங்க வேலி போடறதுங்கிறதுலதான் பெரியவங்களுக்குள்ள தகராறு. நம்ம டாக்டருங்க பெரும்பாலும் அமெரிக்க அளவைத்தான் எடுத்துக்கறாங்க: வெறும் வயித்துல 100லேர்ந்து 125, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு 140லேர்ந்து 199, மூணு மாச சராசரி சொல்ற ஹெச்பிஏ1சி 5.7லேர்ந்து 6.4. இந்த மூணுல எதுல மாட்டினாலும் பார்டர்தான்.

இதைப் படிச்சதும் எனக்கு ஒரு குஷி. ஜெனிவாவே நார்மல்னு சொல்லுதுன்னு டாக்டர்கிட்ட போய் நின்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "காலையில வெறும் வயித்தோட லேபுக்குப் போய் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்"னார்.

போனேன். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கலந்து அஞ்சு நிமிஷத்துக்குள்ள குடிக்கணும். பாதாம் அல்வாவைத் திரவமாக்கி, அதுலேர்ந்து பாதாமை எடுத்துட்ட மாதிரி ஒரு ருசி. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தாங்க, தாங்கிச்சு. அப்புறம் ரெண்டு மணி நேரம் எங்கேயும் நடக்காம, எதையும் திங்காம, பீடி சிகரெட் தொடாம அங்கேயே உட்காரணும். ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்த ரத்தத்துல 162. இதுல ஜெனிவாவும் அமெரிக்காவும் ஒரே கட்சி. 140 தாண்டினா ரெண்டு பேருக்கும் அது பார்டர். ஹெச்பிஏ1சி 6.0. கட்சி மாற எனக்கு வழியே இல்லாமப் போச்சு.

வெறும் வயித்து டெஸ்டும் இந்த டெஸ்டும் ரெண்டு வேற விஷயத்தைப் பார்க்குதுங்கிறது எனக்குப் புதுசு. ராத்திரி நாம தூங்கும்போது கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையை ரத்தத்துக்கு விட்டுக்கிட்டே இருக்கும். அதை இன்சுலின் சரியா அடக்கி வச்சிருக்கான்னு காலை ரத்தம் சொல்லும். சாப்பிட்டதும் வர்ற வெள்ளத்தைத் தசைகள் வாங்கி வச்சுக்குதான்னு சொல்றது ரெண்டு மணி நேர ரத்தம். ஒருத்தருக்கு முதலாவது சரியா இருந்து ரெண்டாவது மட்டும் கெட்டிருக்கலாம். அந்த ஆள் வருஷா வருஷம் வெறும் வயித்து டெஸ்ட் மட்டும் எடுத்து, 'நார்மல்'னு ஃபைல்ல சொருகிக்கிட்டே இருப்பார். இதை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ மறுபடி வரும்.

ஹெச்பிஏ1சியை எங்க தொழில்லயே சொன்னா ஈஸி. பிஸ்க் சுட்ட கோப்பையை கிளேஸ் தொட்டியில முக்கி எடுப்போம் இல்லையா? தொட்டி எவ்வளவு கெட்டியா இருக்கோ அவ்வளவு கிளேஸ் ஒட்டும். ரத்தச் சிவப்பணுவுல இருக்கிற ஹீமோகுளோபின் மேலயும் சர்க்கரை அப்படித்தான் ஒட்டுது. ஒட்டினது அந்த அணு சாகிற வரைக்கும், அதாவது ஏறத்தாழ 120 நாள், போகாது. அதனாலதான் டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் பட்டினி கிடந்து அதை ஏமாத்த முடியாது. (முயற்சி பண்ணவங்களை எனக்குத் தெரியும்.)

சரி, எனக்கு ஏன் வந்துச்சு? நான் குண்டு இல்லை. உயரம் அஞ்சரை அடி, எடை 64. பிஎம்ஐ கணக்குப் போட்டா 22.8. இந்தியர்களுக்குன்னு சொல்ற 23க்கும் கீழ. ஆனா டாக்டர் இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பைச் சுத்தினார். 92 சென்டிமீட்டர். ஆம்பளைக்கு 90 தாண்டக்கூடாதாம். கையும் காலும் குச்சி, நடுவுல மட்டும் பானை. நம்ம ஊர்ல அரசாங்க ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன் எங்க போய் நின்னாலும் இந்த உருவத்தைத்தானே பார்க்கிறோம்?

இது பத்தி ஒரு சுவாரசியமான படம் இருக்கு. 2004ல லான்செட்ல வந்துச்சு. புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒண்ணேதான், 22.3. உடம்புல எவ்வளவு பங்கு கொழுப்புன்னு அளந்து பார்த்தா வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2! ஒரே எடை, ஒரே உயரக் கணக்கு, உள்ளே இருக்கிற சரக்கு வேற. நமக்குத் தசை கம்மி, வயித்துக்குள்ள கொழுப்பு ஜாஸ்தி. அதோட நம்ம கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லுங்க சீக்கிரமே களைச்சுப் போகுதுன்னும் சொல்றாங்க. பார்டர்ங்கிறது கணையம் ஓவர்டைம் பார்த்துக்கிட்டிருக்கிற காலம். ஆர்டர் நேரத்துக்குப் போயிட்டுத்தான் இருக்கும், வெளியில பார்த்தா கம்பெனி நல்லாத்தான் ஓடுது. ஆள் எத்தனை நாள் தாங்குவான்ங்கிறதுதான் கேள்வி.

இப்ப அப்பா கதை. அம்மா ஏன் "உனக்குமா"ன்னு கேட்டாங்கன்னு சொல்லணும்ல.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல இங்க பீங்கான் தொழிற்பேட்டையில சூளை ஆள். நெய்வேலி பக்கத்து மண்ணு வரும், அரைச்சு, வடிகட்டி, பிளாஸ்டர் மோல்டுல ஊத்தி, காய வச்சு, சூளையில ஏத்தற வரைக்கும் எல்லா வேலையும் தெரிஞ்சவர். பியூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, அகல் விளக்குன்னு அவர் கை படாத சரக்கு இல்லை. ஒல்லி. ஒருநாள்கூட ஜுரம்னு படுத்ததில்லை. 2009ல ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினப்போ, வலது கால் கட்டைவிரலுக்குப் பக்கத்துல பெரிய கொப்புளம். சூளையிலேர்ந்து இறக்கின சூடான தட்டு காலோரம் பட்டிருக்கு. எப்ப பட்டுச்சுன்னு அவருக்கே தெரியல. நெருப்போட முப்பது வருஷம் இருந்த மனுஷனுக்கு நெருப்பு சுட்டது தெரியல.

அப்பதான் முதல்முறையா சுகர் பார்த்தோம். 340. டாக்டர் ஊசி மாதிரி ஒண்ணால பாதத்துல குத்திக் குத்தி, "தெரியுதா, தெரியுதா?"ன்னு கேட்டார். அப்பா எங்க முகத்தைப் பார்த்துட்டு, சும்மா "தெரியுது"ன்னார். புண்ணு ஆறல. ரெண்டு வருஷத்துல பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிடுச்சு. 2016ல போய்ச் சேர்ந்தார்.

340ங்கிறது ஒரே நாள்ல வந்த நம்பர் இல்லைன்னு இப்ப எனக்குப் புரியுது. பிரிட்டன்ல 1977ல ஆரம்பிச்ச ஒரு பெரிய ஆய்வுல, புதுசா சுகர்னு கண்டுபிடிச்சவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு அன்னிக்கே கண்ணுலயோ நரம்புலயோ வேற எங்கயோ கோளாறு தெரிஞ்சுதாம். வியாதிக்குப் பேர் வைக்கறதுக்கு முன்னாடியே அது வேலையை ஆரம்பிச்சுடுது. அப்பாவுக்கும் ஒரு 108 காலம், ஒரு 162 காலம் இருந்திருக்கும். அப்ப அவர் நல்லாத்தான் இருந்தார், நல்லாச் சாப்பிட்டார், மூட்டை தூக்கினார். யாரும் அளக்கல. அளக்கணும்னு சொல்ல அன்னிக்கு எங்க தெருவுல ஆளும் இல்ல.

அதனால "வந்துடுச்சா"ன்னு அம்மா கேட்டதுக்கும் "வரலை"ன்னு மேஸ்திரி அண்ணன் சொன்னதுக்கும் நடுவுல எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்துச்சு. அந்தப் பதிலைக் குடுத்ததும் அதே மேஸ்திரி அண்ணன்தான், வேற எதையோ பேசும்போது. சூளையில ஏத்தறதுக்கு முன்னாடி பச்சைக் கோப்பை ரெண்டு கீழ விழுந்து உடைஞ்சுது. புதுப் பையன் பயந்துட்டான். அண்ணன், "பச்சைதானேடா, தொட்டியில போடு, நாளைக்கு மறுபடி கோப்பை ஆயிடும். சுட்டதை உடைச்சேன்னு வை, அப்புறம் இருக்கு உனக்கு"ன்னார். மண்ணு ஒரு 600 டிகிரி வரைக்கும் சூடாயிடுச்சுன்னா அதுக்குள்ள கட்டுண்டு இருக்கிற தண்ணி போயிடும். அதுக்கப்புறம் எத்தனை நாள் ஊற வச்சாலும் அது களிமண்ணா ஆகாது. செராமிக் படிச்ச பசங்களைக் கேட்டா கெமிஸ்ட்ரியோட சொல்வாங்க.

பார்டர்னா பச்சை. நான் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கிட்டேன். ஆனா இந்த உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது. சுகர் வந்த ஆளும் முழுசாச் சுட்ட கோப்பை இல்லை. 2017ல பிரிட்டன்ல வந்த ஒரு ஆய்வுல, சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருக்கிறவங்க கடுமையா எடை குறைச்சதுல, அந்தக் கூட்டத்துல 46 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழிச்சு மாத்திரை இல்லாமலே சுகர் கோட்டுக்குக் கீழ இருந்தாங்க. கொஞ்சம் சூடேறின மண்ணும் திரும்புது போல. அப்பா காலைத் திருப்ப முடியாது, அவ்வளவுதான்.

சரி, பார்டர்ல இருக்கிறவன் என்ன பண்ணா என்ன ஆகும்? இதுக்கு அமெரிக்காவைத் தேடி ஓட வேண்டாம், சென்னையிலயே பார்த்திருக்காங்க. டாக்டர் ராமச்சந்திரன் குழு பண்ண இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006ல வெளியாச்சு. குளுக்கோஸ் டெஸ்ட்ல பார்டர்னு வந்த 531 பேரை நாலு கூட்டமாப் பிரிச்சாங்க. ஒரு கூட்டத்துக்கு வழக்கமான அட்வைஸ் மட்டும். இன்னொண்ணுக்கு சாப்பாடு, நடைன்னு விடாம பின்தொடர்ந்தாங்க. மூணாவதுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, அதுவும் ரொம்பச் சின்ன டோஸ். நாலாவதுக்கு ரெண்டும். மூணு வருஷம் கழிச்சு எண்ணிப் பார்த்தா, சும்மா விட்ட கூட்டத்துல 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துடுச்சு. மூணே வருஷத்துல பாதிக்கு மேல! நடந்த கூட்டத்துல 39.3. மாத்திரைக் கூட்டத்துல 40.5. ரெண்டும் சேர்ந்ததுல 39.5.

இந்த நம்பர்களை நான் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மேஜைக் கண்ணாடிக்குக் கீழ வச்சிருக்கேன். கணக்குப்பிள்ளை புத்தி, எத்தனை தடவை கூட்டிக் கழிச்சாலும் போதல. நூறு பேர் சும்மா இருந்தா 55, நடந்தா 39. ஆறேழு பேர் மூணு வருஷம் நடந்தா அதுல ஒருத்தர் தப்பிக்கிறார். அந்த ஒருத்தர் யாருன்னு தெரியாது. ஒண்ணுமே பண்ணாத 45 பேருக்கு வரலை. எல்லாம் பண்ண 39 பேருக்கு வந்துடுச்சு. "நடந்தா வரவே வராது"ன்னு வாட்ஸப்ல அடிச்சு விடறாங்களே, அது பொய். "வர்றது வந்தே தீரும், விடு"ன்னு டீக்கடையில சொல்றாங்களே, அதுவும் பொய்.

அமெரிக்காவுல இதே மாதிரி 2002ல வந்த ஆய்வுல, வாழ்க்கை முறையை மாத்தினவங்களுக்கு 58 சதவீதம் தடுப்பு கிடைச்சுது, நமக்கு 28.5தான். அங்க சும்மா இருந்தவங்கள்ல வருஷத்துக்கு நூத்துக்குப் பதினோரு பேர்தான் சுகருக்குப் போனாங்க. நம்ம ஆளுங்க பதினெட்டுப் பேர். நம்ம பாதை இன்னும் செங்குத்து. ஆனா சென்னைக்காரங்க எடை பெருசாக் குறையாமலே அந்த 28 சதவீதத்தை வாங்கினாங்க. என்னை மாதிரி, குறைக்கறதுக்கு எடையே இல்லாத ஆளுக்கு இது பெரிய ஆறுதல். நடையும் சாப்பாடும் எடை மெஷினுக்குத் தெரியாத வேலையும் பார்க்குதுன்னுதானே அர்த்தம்?

டாக்டர் எனக்கு மாத்திரை எழுதல. தினம் அரை மணி நேரம் வேக நடை, சோத்தைப் பாதியாக்கு, ஆறு மாசம் கழிச்சு வா. நடை பிரச்சனை இல்லை. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் பழமலைநாதர் கோயில் மதிலைச் சுத்தி ஒரு ரவுண்டு. சாப்பிட்ட உடனே நடந்தா தசைங்க அப்பவே சர்க்கரையை வாங்கிக்கும், அதனால கட்டிலுக்கு முன்னாடி நடைன்னு வச்சுக்கிட்டேன். நாய்ங்க மட்டும் முதல் வாரம் ஒத்துழைக்கல.

சோறுதான் பெரிய பஞ்சாயத்து. நாம நெனைக்கிறோம், சக்கரையை நிறுத்தினாப் போதும்னு. சென்னையில டாக்டர் மோகன் குழு பண்ண ஆய்வுல, நகரத்து ஆளு ஒருத்தர் ஒரு நாளைக்குச் சாப்பிடற மொத்த சக்தியில கிட்டத்தட்ட பாதி தீட்டின தானியத்துலேர்ந்துதான் வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதாவது முக்கால்வாசி வெள்ளை அரிசி. பொன்னி, சோனா மசூரி ரெண்டையும் அளந்து பார்த்ததுல, ரத்தச் சர்க்கரையை ஏத்தற வேகம், குளுக்கோஸை நூறுன்னு வச்சா, எழுபதுக்கு மேல. நான் குடிச்ச அந்தத் தண்ணிக்குத் தம்பிதான் நம்ம சாதம். பழைய சோறு, இட்லி, மத்தியானம் மூட்டை மாதிரி சாப்பாடு, ராத்திரி தோசைன்னு ஒரே ஆள் நாலு வேஷம் போட்டு வர்றார்.

கேழ்வரகுக்கு மாறிடலாமேன்னு உடனே எல்லாரும் சொன்னாங்க. நைசா அரைச்ச மாவுல கூழ் காய்ச்சி ரெண்டு சொம்பு குடிச்சா அதுவும் வேகமாத்தான் ஏத்தும். எந்த தானியம்ங்கிறதை விட எவ்வளவுங்கிறதுதான் முதல் கேள்வின்னு டாக்டர் திட்டவட்டமாச் சொல்லிட்டார். கம்பெனியில செகண்ட்ஸ்ல ஒதுக்கின ஒரு சின்னக் கிண்ணம் எடுத்துட்டு வந்தேன். விளிம்புல கிளேஸ் குமிழ் விட்டிருக்கும், அதனால விக்காது. மத்தியானத்துக்கு அதால ரெண்டு கிண்ணம் சோறு, மீதி இடத்துக்குப் பொரியல், கொண்டைக்கடலை, முட்டை, மோர். தட்டு நிறைஞ்சாத்தான் வயிறு நம்புது. அம்மா முதல் மாசம் கிண்ணத்தைக் கும்பாச்சியா அமுக்கி அமுக்கி வச்சாங்க. "கிண்ணம் ரெண்டுதானேய்யா, கணக்கு சரியாத்தானே இருக்கு?"

இன்னொரு கூட்டம் இருக்கு. 21 நாள்ல சுகரை வேரோட எடுக்கிற பொடி விக்கிறவங்க. ஒரு டப்பா 1800 ரூபாய். பார்டர் ஆளுங்கதான் அவங்களுக்கு லட்டு மாதிரி கஸ்டமர். ஏன்னா ஒண்ணும் பண்ணாமலே நூத்துக்கு நாற்பத்தஞ்சு பேருக்கு மூணு வருஷத்துல வரப்போறதில்லையே! அந்த நாற்பத்தஞ்சு பேரும் பொடிக்கு சாட்சி சொல்வாங்க.

தங்கமணி விஷயம் இனிமேதான்.

என் ரிப்போர்ட்டை எல்லாம் டாக்டர் பார்த்துட்டு, வீட்டு விவரம் கேட்டார். ரெண்டாவது பொண்ணு 2012ல வயித்துல இருந்தப்போ தங்கமணிக்கு சுகர் ஏறிச்சு, சாப்பாட்டுலயே சமாளிச்சோம், பிரசவத்துக்கு அப்புறம் டெஸ்ட் பண்ணதுல நார்மல்னு சொன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டார். "அதுக்கப்புறம்?" அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. "முதல்ல அவங்களைக் கூட்டிட்டு வாங்க"ன்னார்.

கர்ப்பத்துல சுகர் வந்துட்டுப் போன பொம்பளைங்களுக்கு, பின்னால நிஜ சுகர் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ஏழு மடங்குக்கும் மேல. பிரசவம் முடிஞ்சதும் நார்மல்னு வந்தாலும், ஒண்ணுலேர்ந்து மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுசு பூரா பார்த்துக்கிட்டே இருக்கணுமாம். டாக்டர் சேஷய்யா போன்றவங்க பட்ட பாட்டால, கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சுகர் டெஸ்ட் கட்டாயம்னு தமிழ்நாட்டுல 2007லயே அரசாணை வந்துடுச்சு, நாட்டுக்கே முன்மாதிரி. அதனாலதான் 2012ல எங்க வீட்லயும் பிடிபட்டுச்சு. குழந்தை பொறந்த பிறகு அந்த அட்டை, தடுப்பூசி அட்டையோட பீரோவுக்குப் போயிடுது. நாட்டுல முக்கால்வாசி வீட்டு பீரோவுல இப்படி ஒண்ணு இருக்கும்னு நெனைக்கிறேன். இன்சூரன்ஸ்காரனும் சம்பாதிக்கிற ஆளோட ரத்தத்தைத்தான் கேட்கிறான்.

லேப்ல கண்ணாடி டம்ளரைப் பார்த்ததும் தங்கமணி, "என்னங்க, இது அந்தத் தண்ணியில்ல? பாப்பா வயித்துல இருந்தப்ப குடுத்தாங்களே!"ன்னா. பதிமூணு வருஷம் கழிச்சும் நாக்கு மறக்கல.

வெறும் வயித்துல 94. பார்த்தீங்களா, அமெரிக்கா, ஜெனிவா ரெண்டுமே நார்மல்னு தூக்கி வச்சுக் கொண்டாடும். ரெண்டு மணி நேரம் கழிச்சு 171. என்னை விட ஜாஸ்தி. ஹெச்பிஏ1சி 6.1னு வந்துச்சு, ஆனா டாக்டர் அதைப் பெருசா எடுத்துக்கல. ஹீமோகுளோபின் 9.8தான் இருந்துச்சு. இரும்புச்சத்துக் குறைஞ்ச ரத்தத்துல ஹெச்பிஏ1சி இருக்கிறதை விடக் கொஞ்சம் கூடவே காட்டுமாம். முதல்ல ரத்த சோகையைச் சரி பண்ணுவோம், சுகரை குளுக்கோஸ் டெஸ்டை வச்சே பார்ப்போம்னுட்டார். வெறும் வயித்து டெஸ்ட் மட்டும் எடுத்திருந்தா இன்னிக்கும் எங்க வீட்ல நான்தான் பார்டர், அவ நார்மல், எனக்குக் கிண்ணத்துல அளந்து போட்டுட்டு மிச்சச் சோத்தை வீணாக்க வேண்டாம்னு அவ சாப்பிட்டுக்கிட்டு இருப்பா.

ஐசிஎம்ஆர் 2023ல வெளியிட்ட கணக்குல நாட்டுல சுகர் இருக்கிறவங்க 10 கோடிக்கு மேல, பார்டர்ல இருக்கிறவங்க 13 கோடியே 60 லட்சம்னு மதிப்புப் போட்டிருக்காங்க. நம்ம பக்கத்துப் பாண்டிச்சேரியில நூத்துக்கு 26 பேருக்கு சுகர். இந்தக் கணக்கையெல்லாம் எடுக்கும்போது குளுக்கோஸ் தண்ணி குடுத்து ரெண்டு மணி நேரம் காத்திருந்து ஆய்வுக்காரங்க எடுத்திருக்காங்க. தெருவுல கேம்ப் போட்டு விரல் நுனியில ஒரு சொட்டு எடுக்கிறாங்களே, அது அப்பாவோட 340ஐப் பிடிக்கும். தங்கமணியோட 171ஐப் பிடிக்கும்னு சொல்ல முடியாது.

இது எல்லாத்தையும் வீட்ல பேசிக்கிட்டிருந்தப்போ, எட்டாவது படிக்கிற சின்னவ கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. ராத்திரி அவங்க அம்மாகிட்ட போய், "நான் பொறந்ததாலதான் உனக்கு சுகராம்மா?"ன்னு கேட்டிருக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கர்ப்பத்துல நஞ்சு சுரக்கிற ஹார்மோன் எல்லாருக்கும்தான் இன்சுலினோட வேலையைக் கெடுக்கும், எல்லாரோட கணையமும் அப்ப ஓவர்டைம் பார்க்கும், ஏற்கெனவே தாங்கற சக்தி கம்மியா இருக்கிறவங்களுக்குத்தான் சுகர் மேல வரும், உன்னால எதுவும் கெடலன்னு நான் விளக்க ஆரம்பிச்சேன். தங்கமணி நடுவுல புகுந்து, "இல்லடி, எனக்கு இருந்தது உன்னாலதான் தெரிஞ்சுது. போய் செருப்பை மாட்டு, நடக்கப் போலாம்"னா. அந்த மாதிரி பொறந்த பிள்ளைங்களுக்கும் பின்னால சுகர் வர்ற வாய்ப்புக் கொஞ்சம் கூடங்கிறதை அவகிட்ட இன்னும் சொல்லல. வயசு வரட்டும்.

இப்ப மதிலைச் சுத்தி மூணு பேர். நாய்ங்களுக்குச் சின்னவளைத்தான் பிடிச்சிருக்கு.

ஆறு மாசம் கழிச்சு என் ரெண்டு மணி நேரக் கணக்கு 138. கோட்டுக்கு ரெண்டு பாயிண்ட் கீழ. வெறும் வயித்துல இன்னும் 104லயே நிக்குது. டாக்டர், "நல்லது, வருஷம் ஒருக்கா வாங்க"ன்னார். தங்கமணிக்கு இரும்பு மாத்திரை முடிஞ்சு ஹீமோகுளோபின் 11.6 வந்திருக்கு. அவளுக்கு அடுத்த குளுக்கோஸ் டெஸ்ட் வர்ற மாசம். போன தடவை ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்தது அவளுக்கு ஆத்திரம். வீட்ல பீஸ் ரேட்டுக்குக் கொலு பொம்மைக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடுக்கிறவ, ரெண்டு மணி நேரத்துல ஒரு டஜன் செட்டியாருக்குக் கண் வச்சுடுவா. இந்தத் தடவை பிரஷும் ஒரு அட்டைப்பெட்டி பொம்மையும் எடுத்துட்டுப் போறதா இருக்கா. நடக்கத்தானே கூடாது, உட்கார்ந்து பெயிண்ட் அடிக்கலாம்லன்னு கேட்கிறா. லேப்காரர் என்ன சொல்லப் போறாரோ.